துரைசாணி பேசிய இங்கிலீஷ்

எனக்குச் சிறு வயதிலிருந்தே தப்பு என்றால் ஆகாது. அடுத்தவர்கள் செய்யும் தப்பைச் சொல்கிறேன். வாத்தியார் வாய்ப்பாட்டில் தடுமாறினாலும், பூசாரி மந்திரத்தில் ஒரு வரியை விழுங்கினாலும், இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். "இந்த வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். தோட்டத்தில் நான் மதித்த ஒரே மனிதர் கிராணியார். ஆபீஸில் வேலைக்கணக்கு எழுதுகிறவர். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவருக்கு அரைநாள் சம்பளம் போட்டார் என்றால் போட்டதுதான். அழுதாலும் காலைப் பிடித்தாலும் மாற்றமாட்டார். அதனால் தோட்டமே அவரைக் கரித்துக் கொட்டியது. ஒருநாள் என் பள்ளிப் பைமேல் எழுதியிருந்த இங்கிலீஷ் பெயரில் ஓர் எழுத்து குறைவதை, போகிற மோட்டார் சைக்கிளை நிறுத்திக் காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் எனக்குத் தெய்வம்.

எங்கள் தோட்டம் சுவா டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருந்தது. ரப்பர் பால்மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதையும் விற்கப் போகிறார்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அத்தையை வளர்த்து ஆளாக்கியது அப்பாதான். அண்ணனை நிமிர்ந்து பார்த்து அவள் பேசி நான் கண்டதில்லை. இன்னொரு கரண்டி குழம்பு வேண்டுமென்றால்கூட அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

அத்தைக்குத் தாதியாக வேண்டும் என்று ஆசை. முந்திய வருடம் சிரம்பானில் தாதிப் பயிற்சிக்கான நேர்காணலுக்குப் போயிருந்தாள். எல்லாம் இங்கிலீஷில். மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்களை ஒப்பித்துவிட்டு மூச்சுவிட நிறுத்தினாளாம். எதிரே இருந்த அம்மாள் சிரித்த முகத்தோடு "கேரி ஆன்" என்றாராம். அத்தை தன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ் ஏறி, வீட்டுக்கே வந்துவிட்டாள். 'மேலே சொல்லு' என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்ட அன்று, அவள் சோறு தின்னவில்லை.

அதற்குப் பிறகுதான் சிரம்பான் பக்கம் லோபாக்கில் ஒரு கடையிலிருந்து ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கி வந்தாள். சின்னச் சின்னச் சொற்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்துகொண்டு, தனித்தனியே இருந்தபோது இல்லாத அர்த்தத்தைக் கொடுக்கும் சமாச்சாரங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் உதாரண வாக்கியம். அத்தை படிப்பாள். நான் அடிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை வைப்பேன். எனக்கு வயது ஒன்பது. தமிழ்ப்பள்ளியில் இங்கிலீஷில் முதல் மாணவி என்ற திமிர் நிறைய இருந்தது.

அந்தப் புத்தகம் எனக்கே முதலில் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. 'புட்' என்றால் வை. 'அப்' என்றால் மேலே. 'வித்' என்றால் கூட. மூன்றையும் சேர்த்தால் 'பொறுத்துக்கொள்' என்று வருமாம். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? 'ரன் அவுட் ஆஃப்' என்றால் யாரும் எங்கும் ஓடவில்லை, தீர்ந்துபோயிற்று. வெள்ளைக்காரர்கள் இத்தனை பெரிய ராஜ்ஜியத்தை ஆண்டுகொண்டு இப்படி ஒரு பாஷையையா பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நான் புத்தகத்தை வீசி எறிந்திருக்கிறேன்.

அத்தை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொன்றையும் தோட்டத்தில் ஓர் ஆளோடு முடிச்சுப் போட்டாள். 'புட் அப் வித்' என்றால் அம்மா, ஏனென்றால் அப்பாவின் கோபத்தைப் பொறுத்துக்கொள்கிறவள். 'கால் ஆஃப்' என்றால், அதாவது ரத்து செய் என்றால், வேலை வாங்கும் மண்டோர், மழை பெய்தால் வேலை இல்லை என்று கத்துகிறவர். 'லுக் டவுன் ஆன்' என்றால் மேட்டுப் பங்களா, வெள்ளைக்காரத் துரைமார் இருந்துகொண்டு லயத்தை இளக்காரமாகப் பார்த்த இடம். நான் கேட்டதும் அந்த ஆளை நினைத்துக்கொண்டு பட்டென்று சொல்லிவிடுவாள். 'டர்ன் டவுன்' மட்டும் அவள் மனசில் நிற்கவேயில்லை. 'மாட்டேன் என்று மறு' என்று அர்த்தம்.

"நம்ப தோட்டத்துல யாரு எத மாட்டேன்னு சொல்லியிருக்கா? ஆளே கெடைக்கல லா" என்று சிரிப்பாள். அது வரும்போதெல்லாம் அவளுக்கு அடிக்கோல் அடி உறுதி.

நேர்காணல் மறுபடியும் வரப் போகிறது என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா ஒரு சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல், அத்தைக்குக் கல்யாணம் பேசிவிட்டதாகச் சொன்னார். மாப்பிள்ளை தெமியாங்கில் லாரி ஓட்டுகிறார். சொந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை பரிசம், அடுத்த மாதமே தாலி. அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது, அவ்வளவுதான்.

"இண்டர்வியூ இருக்கே" என்று அம்மாதான் மெல்ல இழுத்தாள்.

"தோட்டத்த வித்துட்டா நாம எங்க போறதுன்னே தெரியல. அதுக்கு முன்ன இவளுக்கு ஒரு வீடு வேணாமா? வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. தங்கையை நடுத்தெருவில் விட்டுவிடக்கூடாதே என்கிற பயம் அவருக்கு.

அத்தை அன்றைக்கும் அடுத்த நாளும் பரீட்சைக்கு மட்டும் வந்து உட்கார்ந்தாள். கல்யாணம் ஆகப் போகிறவளுக்கு எதற்குப் பரீட்சை என்று எனக்கே குழப்பம். ஆனாலும் கேட்டேன். அவளும் பதில் சொன்னாள். எப்போதையும்விட வேகமாக, வாக்கியங்களை முழுசாகச் சொன்னாள். 'டர்ன் டவுன்' வந்ததும் மட்டும் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். நான் தயவு தாட்சணியம் பார்க்காமல் ஒன்று வைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் முனியாண்டியிடம் வாக்குக் கேட்காமல் யாரும் பரிசம் போடமாட்டார்கள். தோட்டத்து எல்லையில், ஓடைப்பக்கம் முனியாண்டி இருந்தார். அவருக்குச் சுருட்டும் சாராயமும் வைத்து உறுமி அடித்தால், எப்போதும் ஒரே ஆள்மேல்தான் இறங்குவார்: தோட்டத்து லாரி ஓட்டும் மாமா. "நல்லது, நடத்துங்க" என்பார். உடனே தட்டு மாற்றிவிடுவார்கள். முனியாண்டி எந்தக் கல்யாணத்தையும் வேண்டாம் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

அந்த ஞாயிறு காலை தெமியாங்கிலிருந்து வேனில் பெரியவர்கள் முனியாண்டி கோயில் முன்னால் வந்து இறங்கினார்கள். வழக்கப்படி மாப்பிள்ளை வரவில்லை. அத்தையைப் புதுச்சேலையில் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். உறுமி ஏறிக்கொண்டே போனது. லாரி மாமாவுக்குக் கண் செருகத் தொடங்கியது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஓர் அலறல். அத்தை. கொண்டை அவிழ்ந்து, பூ சிதறி, பாயிலிருந்து எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு வந்த சாமி அந்தக் கணமே போய்விட்டது.

"யாரு வந்துருக்கறது? சொல்லு" என்று பூசாரி வேப்பிலையோடு ஓடினார்.

அத்தை கண்ணை உருட்டிக்கொண்டு, தோட்டமே கேட்கும்படி கத்தினாள்: "ஐ கேன்னாட் புட் அப் வித் திஸ் நாய்ஸ்!"

உறுமி நின்றுவிட்டது. பூசாரியின் கையிலிருந்த வேப்பிலை கீழே விழுந்தது. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பெருமை. ஓர் எழுத்து பிசகாமல் சொல்கிறாளே! அடுத்த கணம்தான் அவள் கண்களைப் பார்த்தேன். அவை என்னைப் பார்த்தன, ஆனால் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"முனி இங்கிலீஷ் பேசமாட்டாரே" என்றார் பூசாரி, கூட்டத்தைப் பார்த்து, பரிதாபமாக.

"சாமிக்குத் தெரியாத பாஷையா?" என்றார் ஒருவர். இன்னொருவர்தான் அதைச் சொன்னார்: மேட்டுப் பங்களாவில் அந்தக் காலத்தில் செத்துப்போன வெள்ளைக்காரத் துரைசாணி! சொன்னதும் கூட்டம் இரண்டு அடி பின்னால் போயிற்று. அதன்பிறகு யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆனால் புதுச் சிக்கல் ஒன்று வந்தது. வந்திருப்பவர் என்ன வேண்டும் என்று சொல்லி, நாம் தருகிறோம் என்று ஒத்துக்கொண்டால்தான் மலையேறுவார். துரைசாணி என்ன கேட்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

"கிராணியார கூட்டிட்டு வாங்க!" என்று அப்பா கத்தினார்.

கிராணியாருக்குச் சாமி, பேய் எதிலும் நம்பிக்கை கிடையாது. முனியாண்டி கோயில் பக்கமே வரமாட்டார். அன்று கைலியும் சட்டையுமாக மோட்டாரில் வந்து இறங்கினார். முகத்தில் எரிச்சல். எனக்கு உயிர் வந்தது. இனி எல்லாம் சரியாக நடக்கும். தப்பே சொல்லாத மனிதர் வந்துவிட்டார்.

அத்தை முதல் வாக்கியத்தை மறுபடி கத்தினாள். "இந்தக் கூச்சல என்னால பொறுத்துக்க முடியலங்கிறாங்க" என்றார் கிராணியார். முழு மதிப்பெண். நான் தலையாட்டினேன்.

"தி பிக்னிக் வாஸ் கால்ட் ஆஃப் பிகாஸ் ஆஃப் தி ரெயின்!" என்றாள் அத்தை.

கிராணியார் வாய் திறக்கப் போனவர் மூடிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிக் கைலியில் துடைத்தார். அத்தையைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். வேனிலிருந்து வந்தவர்களைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரட்டில் பெயர் கூப்பிடும் அதே குரலில் சொன்னார்: "இந்தப் பரிசம் நடக்கக்கூடாதாம்."

எது பரிசம்? மழையினால் பிக்னிக் ரத்தாயிற்று என்றல்லவா அர்த்தம்! கூட்டத்தில் ஓர் அண்ணன்கூட, "பிக்னிக்குன்னு கேட்ட மாரி இருக்கே" என்றார். "துரைசாணி காலத்து இங்கிலீஷு ஒனக்கு என்னடா தெரியும்?" என்று அவர் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

"ஷி டர்ன்ட் டவுன் தி ஆஃபர்!" என்றாள் அத்தை. டர்ன் டவுன்! இத்தனை நாளும் வராதது, அடி வாங்கியும் வராதது, அப்படித் தெளிவாக வந்தது. அதை ரசிக்கக்கூட என்னை விடவில்லை கிராணியார். "மாப்பிள்ளை வீட்டுக்காரவங்க தட்ட எடுத்துக்கிட்டுப் பொறப்படணுமாம்" என்றார்.

"அது இல்ல! அதுக்கு அர்த்தம்..." என்று நான் வாயெடுத்தேன். அம்மாவின் உள்ளங்கை வந்து என் வாயை மூடியது. மூக்கையும் சேர்த்து மூடியது. திமிறினேன். அம்மா விடவில்லை. அவளுக்கு ஏபிசிடி கூடத் தெரியாது.

பிறகு கிராணியார் அத்தையின் அருகில் போய், இங்கிலீஷில் தணிந்த குரலில் என்னவோ நீளமாகக் கேட்டார். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. அத்தையின் ஆட்டம் குறைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அப்புறம், கத்தாமல், பேசுகிறவளைப்போல், "ஐ வில் நாட் கிவ் அப்" என்றாள்.

எனக்கு மறுபடி அதிர்ச்சி. 'கிவ் அப்' புத்தகத்தில் உண்டு. ஆனால் அதன் கீழே இருந்தது 'என் அப்பா சிகரெட்டைக் கைவிட்டார்' என்ற வாக்கியம். 'நான் விடமாட்டேன்' என்று இப்படி ஒரு வாக்கியம் அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை.

கிராணியார் அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஒங்க தங்கச்சி படிக்கப் போகணும்னு துரைசாணி சொல்றாங்க. தடுத்தா இந்த லயத்த விட்டுப் போகமாட்டாங்களாம்."

அப்பா அப்படியே மண்ணில் விழுந்தார். "அனுப்புறேன் தாயே! என் தங்கச்சிய விட்டுடு, நான் அனுப்பிடுறேன்" என்று அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டேன். அத்தை தடாலென்று சாய்ந்தாள். வேன்காரர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் ஏறிவிட்டார்கள்.

தண்ணீர் தெளித்ததும் அத்தை விழித்து, எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் இங்கிலீஷா பேசுனேன்? எனக்கு ஒண்ணுமே தெரியாதே அண்ணி. யாரு பேசுனதும் காதுல விழலியே" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் அதை அப்படியே நம்பினேன். துரைசாணி எங்கள் வீட்டு மூலையில் தினமும் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டி, பகலில்கூடத் தனியாகக் குளியலறைப் பக்கம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

ஆனால் துரைசாணியைவிட என்னை உலுக்கியது கிராணியார்தான். மறுநாள் பள்ளிவிட்டு வரும்போது அவர் மோட்டாருக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"ஐயா, நேத்து நீங்க சொன்னது தப்பு. பிக்னிக்குன்னா பரிசம் இல்ல."

"ஆமா, இல்ல" என்றார்.

மறுப்பார், திட்டுவார், என் இங்கிலீஷைக் குறை சொல்வார் என்றெல்லாம் நினைத்துத் தயாராக வந்திருந்தேன். "தெரிஞ்சேதான் சொன்னீங்களா?" என்றேன்.

"வழிய விடு. ஆபீஸுக்கு நேரமாவுது."

அவர் போன பிறகு சாலையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவசரத்தில் சொன்ன தப்பு என்றால் மன்னித்திருப்பேன். சரி எது என்று தெரிந்தும், சாமிக்கு முன்னால், முகம் மாறாமல் பொய் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடத்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர்! அதன்பின் அவர் மோட்டார் சத்தம் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கதை தெமியாங் வரைக்கும் பரவிவிட்டது. இங்கிலீஷ் பேய் பிடித்த பெண் என்று பெயர். அதற்குப் பிறகு வெகுகாலம் அத்தையைப் பெண் கேட்டு யாரும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அப்பா சொன்ன சொல்லை மீறவில்லை. நேர்காணலுக்கு அவரே மோட்டாரில் கூட்டிக்கொண்டு போய், முடியும்வரை வெளியே வெயிலில் நின்றாராம். அத்தைக்கு இடம் கிடைத்துவிட்டது.

அவள் கிளம்பிய காலையில், பெரிய சாலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அத்தை அப்பாவின் காலில் விழுந்து எழுந்தாள். அப்பா திருநீறு பூசிவிட்டார். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கிராணியார் எதிர்ப்புறம் மோட்டாரில் வந்து, யாருக்கோ காத்திருப்பவரைப்போல நின்றார். நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு திரும்பிப் பார்த்தபோது அத்தை சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். போனவள் அவர் காலிலும் விழுந்தாள். சாலையோரப் புழுதியில், புதுப் பாவாடை சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் விழுந்து, எழுந்திருக்க நேரமெடுத்துக்கொண்டாள். அவர் சங்கடப்பட்டு மோட்டாரின் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. அத்தைக்குத் தெரியவில்லையே! அன்றைக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்றாளே, அதனால்தான் இந்தப் பொய்யர் காலில் போய் விழுகிறாள் என்று தவித்தேன். எப்படியாவது சொல்லிவிட வேண்டும். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அத்தை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர ஆரம்பித்ததும் நான் அம்மாவின் கையை உதறிவிட்டுக் கூடவே ஓடினேன்.

"அத்தை! அவரு தப்பா சொன்னாரு! நீ பேசுனத அவரு சரியா சொல்லல!"

அத்தை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ் சத்தத்தில் நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.